மணியக்காரர் மகாராஜாவான விளையாட்டு

கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. பளபளவென்று தோல் செருப்பு ஒன்று. அது பள்ளித் தாளாளருடையது. அதற்குப் பக்கத்தில் தலைமையாசிரியரின் ஷூ, உள்ளே காலுறையைச் சுருட்டி வைத்தபடி. அப்புறம் யூசுப் பாயின் வெளிநாட்டு ரப்பர் செருப்பு. கடைசியில் என்னுடையது. பெரம்பலூர் சந்தையில் வாங்கி, வார் அறுந்து, ஊக்கு குத்தியது.

கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். தாளாளரும் நானும் ஒரே வாசலில் செருப்பைக் கழற்றியது அதுதான் முதல் தடவை. அவர் வீடு இருக்கும் தெருவில் எங்கள் ஆட்கள் மட்டும்தான் கழற்றுவோம். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து, தெருமுனை தாண்டியதும் போட்டுக்கொள்வோம். இங்கே கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று எல்லோரும் கழற்றியிருந்தார்கள்.

விஞ்ஞானம் சமத்துவத்தைக் கொண்டுவரும் என்று கல்லூரியில் ஒரு பேராசிரியர் அடிக்கடி சொல்வார். நான் நம்பியதில்லை. அது காலணி வழியாக வரும் என்று அவர் கொஞ்சம் விளக்கிச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

அம்மா வராந்தாத் தூணுக்கு அருகில் நின்றுகொண்டாள். அன்றைக்குக் களை எடுக்கப் போகாமல், இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு என்னோடு வந்திருந்தாள்.

"நல்லபடியா பேசிட்டு வா. எதுத்து ஒண்ணும் பேசிப்புடாத."

நான் போனது சரித்திர ஆசிரியை வேலைக்கான நேர்காணலுக்கு. திருச்சியில் எம்.ஏ. படித்து வாங்கிய சான்றிதழ்களையெல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்திருந்தேன். அவற்றை யாரும் கேட்கவில்லை. அறை நடுவே ஒரு கலர் டி.வி., அதன் முன்னே விசைகள் வைத்த சின்னப் பெட்டி, பக்கத்தில் ஒரு டேப்ரெக்கார்டர். என்னை உட்காரச் சொன்னார்கள். நான் ஒரு நாட்டை ஆள வேண்டும்.

எந்த வருஷம் என்று கேட்காதீர்கள்

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களில் சிலர், சரித்திரம் படித்தவர் வருஷத்தைச் சரியாகப் போடக் கூடாதா என்று கேட்கிறார்கள். சரித்திரம் படித்ததால்தான் போடவில்லை. வருஷத்தைப் போட்டால் நடந்தது எல்லாம் நிஜம் என்று ஆகிவிடுகிறது. எத்தனை ராஜாக்கள் இந்த ஒரு வசதியை வைத்தே பிழைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயம் விலை போகாமல், பட்டறை போட்டு அடைத்துவைத்துக் காத்திருந்து, பட்டறையிலேயே அழுகிப்போன வருஷம் என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புரிந்துவிடும். பெரம்பலூரிலிருந்து அரும்பாவூர் போகும் பஸ் எங்கள் ஊர் வந்ததும் அந்த நாற்றத்தில் ஜன்னல்களை மூடிக்கொள்ளும்.

அழுகிய வெங்காயத்தில் பெரும்பகுதி தாளாளருடையது. பள்ளிக்கூடம் நின்ற இடமும் அவருடைய நிலம்தான். அந்த வெங்காயத்துக்குக் களை எடுத்தவள் என் அம்மா பாக்கியம். விடுமுறை நாட்களில் நானும் எடுத்திருக்கிறேன். எம்.ஏ. முடித்த பிறகு எல்லா நாளும் எனக்கு விடுமுறையாக இருந்ததால், அந்த அனுபவம் பெருகிக்கொண்டே போனது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைத்திருந்தேன். அங்கே என் வரிசை நகர்வதற்குள் எனக்குப் பேரன் பிறந்துவிடுவான் போலிருந்தது.

அம்மாவுக்கு அப்போதே முழங்கால் மடங்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார முடியாமல், ஒரு காலை நீட்டிப்போட்டு இழுத்து இழுத்துக் களை எடுப்பாள். எனக்கு வேலை கிடைத்தால் அவள் அந்த வெங்காயக் காட்டுக்குள் மறுபடி இறங்க வேண்டியதில்லை. நேர்காணலுக்குப் போகும்போது என் தலையில் இருந்தது இது ஒன்றுதான்.

அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தார். வாரம் ஒரு தடவை மாவில் புரட்டி எடுத்தவர் மாதிரி வீட்டுக்கு வருவார். ஒருமுறை, கல்லாகிப்போன பெரிய நத்தை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அரியலூர் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்ததாம். சரித்திரம் தொடங்கும் முன் செத்துப்போன நத்தைக்குக்கூட எங்கள் பக்கத்தில் ஒரு அடையாளம் இருக்கிறது. என் பாட்டனுக்கு அப்பன் பெயர் என்ன என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

பெட்டிக்குள் ஒரு இந்துஸ்தானம்

யூசுப் பாய் லப்பைக்குடிகாட்டுக்காரர். துபாயில் பல வருஷம் எலக்ட்ரானிக் கடையில் இருந்துவிட்டு, திரும்பி வந்து பெரம்பலூரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரை அவர்தான் கொண்டுவந்தார். வீட்டில் அதை வைத்து என்ன செய்வது என்று அவருடைய மனைவி கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காமல், பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிவிட்டார்.

தாளாளருக்கும் அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று நோட்டீஸ் அடிக்கலாம். அடித்தார். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலையும் போட்டார்கள். குங்குமம் விசைகளுக்குள் இறங்கி, அதைத் தோண்டி எடுக்க யூசுப் பாய்க்கு இரண்டு நாள் பிடித்தது. பிள்ளைகள் யாரையும் அறைக்குள் விடவில்லை. பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும். பிள்ளைகளுக்காக வாங்கிய பொருள் அல்லவா, பத்திரமாக இருக்க வேண்டாமா.

கூடவே வந்த கேசட்டுகளில் ஒன்றுதான் அந்த ராஜா விளையாட்டு. மேலட்டையில் தலைப்பாகை கட்டிய ராஜா ஒருவர் யானை மேல் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஈச்சமரம், ஒட்டகம், பனி மூடிய மலை, மகுடி ஊதுகிறவன். எங்கள் ஊரில் இல்லாததையெல்லாம் தேடிப் பிடித்து வரைந்து, கீழ்த்திசையின் உண்மையான வரலாறு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்.

டேப்ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டால் பல்லைக் கூச வைக்கும் ஒரு கிறீச்சல் கேட்கும். அது அடங்கியதும் திரையில் எழுத்துகள் வரும். அவ்வளவுதான் விளையாட்டு. நீங்கள் ராஜா. உங்களுக்குக் கொஞ்சம் நிலம், கொஞ்சம் தானியம், கொஞ்சம் ஜனங்கள். ஒவ்வொரு வருஷமும் அது நான்கு கேள்வி கேட்கும். சிப்பாய்களுக்கு எவ்வளவு, அரண்மனைக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு, ஜனங்களின் சாப்பாட்டுக்கு எவ்வளவு. கேட்கும் வரிசை இதுதான். சாப்பாடு கடைசி.

பதில் சொன்னதும் அந்த வருஷம் ஓடிவிடும். மழை பெய்யும் அல்லது பெய்யாது. ஏரி என்ற ஒன்று அந்த நாட்டில் இல்லை. பக்கத்து ராஜா படையெடுப்பான். புலி வந்து ஜனங்களைத் தின்னும். சோழநாட்டில் புலி பெரும்பாலும் கொடியில்தான் இருந்தது என்று அதை எழுதிய வெள்ளைக்காரனுக்கு யார் போய்ச் சொல்வது. கடைசியில், இத்தனை பேர் பட்டினியால் இறந்தார்கள், மை லார்ட், என்று ஒரு வரி. அடுத்த வரியில், அரண்மனை நலமாக உள்ளது.

தாத்தா முடிசூடுகிறார்

தாளாளர் அந்த விளையாட்டுக்கு அடிமையாகிப்போனார். அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய தாத்தா ரங்கசாமி, ஊர் மணியக்காரர். வரி வசூல், கிஸ்தி, பஞ்சாயத்து எல்லாம் அவர் கையில். அவருக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று மணியம் பரம்பரையாக வந்தது. அந்தப் பரம்பரைப் பதவியை அரசாங்கம் ஒரே உத்தரவில் ஒழித்துச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. வெளியே நாடு போய்விட்ட துக்கத்தில் இருந்தவருக்கு டி.வி.க்குள் ஒரு நாடு கிடைத்தால் விடுவாரா.

முதலில் வெறும் ராஜாவாக ஆண்டார். பிறகு யூசுப் பாயைக் கூப்பிட்டு, விளையாட்டை எழுதியிருந்த நிரலில் கைவைத்துப் பெயர்களை மாற்றச் சொன்னார். அது என்னவென்று யூசுப் பாய்க்குக் கொஞ்சம் தெரியும். எழுத்துகளை மாற்றுகிற அளவுக்கு. ஒரு வாரத்தில், எங்கோ கடல்கடந்த ஊரில் ஒருவன் எழுதிய ராஜா, எங்கள் ஊர் ரங்கசாமி மணியமாக முடிசூடினார். திரையைத் திறந்தால், 'வருக, மை லார்ட் ரங்கசாமி' என்று வரும். தாளாளர் ஒவ்வொரு முறையும் லேசாகத் தலையசைத்து அதை ஏற்றுக்கொள்வாராம். யூசுப் பாய் பிற்பாடு சொல்லிச் சிரித்தார்.

நாட்கள் போகப் போக, அவருடைய தாத்தா மணியக்காரராக இருந்ததை அவரே மறந்துபோனார். ரஞ்சன்குடிக் கோட்டைக்கும் தாத்தாவுக்கும் ஏதோ தொடர்பு இருந்ததாகப் பள்ளி ஆண்டுவிழாவில் பேசினார். தலைமையாசிரியர் கைதட்டினார். அடுத்த ஆண்டுவிழாவில் தாத்தா கோட்டைக்குள்ளேயே குடிவந்துவிட்டார்.

விளையாட்டு சரித்திரத்தைத் திரிக்கிறது என்று இப்போது பலர் வருத்தப்பட்டு எழுதுகிறார்கள். கைபேசியில் இன்றைக்கு எந்த ராஜாவை வேண்டுமானாலும் எடுத்து எந்த நாட்டை வேண்டுமானாலும் பிடிக்கலாம். நானும் ஆடிப் பார்த்தேன். படங்கள் அழகாகிவிட்டன. ஜனங்கள் மட்டும் இன்னும் திரையின் மூலையில் ஒரு எண்ணாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் விளையாட்டைக் குறை சொல்லி என்ன பயன். நான் எம்.ஏ.யில் படித்த புத்தகங்களிலும் அவர்கள் அந்த மூலையில்கூட இல்லை.

கங்கைக் குடம்

இதைச் சொல்லும்போது கல்லூரியில் எங்களைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கூட்டிப்போனது நினைவுக்கு வருகிறது. அரியலூர் தாண்டி ஜெயங்கொண்டம் வழியாகப் போனோம். சோழ ராஜா கங்கை வரை படை அனுப்பி வென்றார். தோற்ற அரசர்களின் தலையில் குடத்தை ஏற்றிக் கங்கைத் தண்ணீரைக் கொண்டுவந்து ஏரியில் ஊற்றினார்கள் என்று பேராசிரியர் சொன்னார்.

எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. தலையில் குடம் வைத்துத் தண்ணீர் சுமந்த எவளும் அதை நம்பமாட்டாள். பழக்கமில்லாத அரசர் தலையில் குடம் கங்கையிலிருந்து அரியலூர் வரை நிற்குமா. பாதித் தூரத்திலேயே யாரோ ஒருத்தியிடம் கைமாறியிருக்கும். அவள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அந்தப் பெரிய ஏரிக்கு மண் சுமந்தவர்களின் பெயரும் இல்லை. இதைப் பேராசிரியரிடம் கேட்டேன். தேர்வுக்கு வராது என்றார்.

எங்கள் தெருவிலும் ஒரு சரித்திரம் உண்டு. அதுவும் தேர்வுக்கு வராது. ரங்கசாமி மணியம் இருந்த காலத்தில் ஒரு பஞ்சம் வந்தது. மணியம் வீட்டு முற்றத்தில் சோளக் குழி நிறைய தானியம். குழி வாயைக் கல் போட்டு மூடி, மண் பூசி, அதன் மேல் கட்டிலைப் போட்டு அவர் படுத்துக்கொண்டாராம். எங்கள் ஆட்கள் எறும்புப் புற்றைத் தோண்டி, எறும்பு சேர்த்து வைத்திருந்ததை எடுத்துத் தின்றார்கள். அதுவும் தீர்ந்ததும் செத்தார்கள். அம்மா இதைச் சொல்லும்போது கோபமே இருக்காது. போன வருஷம் மழை இல்லை என்று சொல்வது மாதிரிச் சொல்வாள். எனக்குத்தான் எறும்புகளை நினைத்து வெட்கமாக இருக்கும்.

ஆக, அன்றைக்கு அந்த டி.வி.க்கு முன்னால் நான் உட்கார்ந்தபோது, யாருடைய நாட்டை ஆளப்போகிறேன் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இரண்டாவதாக வரவேண்டும்

நேர்காணலுக்கு முன் யூசுப் பாயைப் பெரம்பலூரில் அவர் கடையில் போய்ப் பார்த்தேன். தாளாளர் வேலைக்கு வருகிறவர்களையெல்லாம் ராஜாவாக்கிச் சோதிக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். யூசுப் பாய் ஒரு டீ வரவழைத்துக் கொடுத்து, விளையாட்டை எனக்கு முழுவதும் விளக்கினார்.

தாளாளர் எடுத்த பெரிய மதிப்பெண் அறையின் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்கும். நிலமும் ஜனங்களும் சேர்ந்த கணக்கு அது. அதைத் தாண்டிவிடக் கூடாது. அதற்காக மட்டமாகவும் ஆடிவிடக் கூடாது. முட்டாள் என்று அனுப்பிவிடுவார்.

"சாரு ஆடுற மாதிரியே ஆடுங்க தங்கச்சி. சனத்துக்குப் பாதிப் படி போடுங்க, மிச்சத்த பட்டாளத்துக்குக் குடுங்க. அவருக்கு ரெண்டாவதா வந்துடுங்க. இன்ஷா அல்லா, வேல ஒங்களுக்குத்தான்."

பெரிய யோசனை என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் பிழைக்கிற எல்லோரும் அப்படித்தான் பிழைத்துக்கொண்டிருந்தோம். அம்மாவின் முழங்காலுக்காகச் சில நூறு கற்பனை மனிதர்களை அரைப்பட்டினி போட எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

பாதி போதும்

'வருக, மை லார்ட் ரங்கசாமி' என்றது திரை. அதுவரை அந்த ஊரில் என்னை யாரும் இவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.

தாளாளர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். தலைமையாசிரியர் சுவரோடு ஒட்டி நின்றார். யூசுப் பாய் டேப்ரெக்கார்டர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

முதல் சில வருஷம் சொல்லிக்கொடுத்தபடியே ஆடினேன். சிப்பாய்க்குத் தாராளம். அரண்மனைக்குத் தாராளம். விதைக்குச் சுமார். சாப்பாட்டுக்குப் பாதி. ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் பேர் செத்தார்கள். அரண்மனை நலமாக இருந்தது. தாளாளர், பரவாயில்லையே இந்தப் பொண்ணு, என்று தலைமையாசிரியரிடம் சொன்னார். கதவு வழியே அம்மாவின் சேலை ஓரம் தெரிந்தது. அவள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றுகொண்டிருந்தாள். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்புறம் மழை பொய்த்தது. விளைச்சல் பாதிக்குக் கீழே இறங்கியது. ஆனால் களஞ்சியத்தில் பழைய தானியம் இருந்தது. எல்லோருக்கும் போதுமான அளவு இருந்தது. அதைக் கொடுத்தால் அரண்மனைக்கும் சிப்பாய்க்கும் ஒன்றும் மிஞ்சாது, அவ்வளவுதான். என் விரல் யோசித்துக்கொண்டு நின்றது. தாளாளர் என் தோளுக்கு மேல் குனிந்து, பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற மாதிரி அன்பாகச் சொன்னார்.

"பாதி போதும்மா. அதுங்களுக்குப் பழகிடும்."

மனிதர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் விஷயம். தனக்குத் தெரிந்த சரித்திரத்தை, தான் கண்ட அனுபவத்தை, ஒரு சின்னப் பெண்ணுக்கு இலவசமாகக் கொடுத்தார்.

சோளக் குழியும் அதன் மேல் கிடந்த கட்டிலும் கண்முன்னால் வந்தன. இதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. எங்கள் பக்கம் களத்தில் ஒரு முறை உண்டு. தூற்றி முடித்ததும் முதலில் ஆட்களுக்கான கூலியை அளந்துவிட வேண்டும். அதற்கப்புறம்தான் மிச்சம் வீட்டுக்குப் போகும். மணியம் வீட்டுக் களத்திலும் இந்த முறையை மீறியதில்லை. அளக்கிற படியைச் சின்னதாக வைத்து அவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். படி சின்னதோ பெரிதோ, ஆட்கள் மடி நிரம்பாமல் களத்திலிருந்து வண்டி கிளம்பக் கூடாது.

இந்தப் பெட்டியில் படியை நானே வைத்திருந்தேன். சிப்பாய்க்குச் சுழியம் போட்டேன். அரண்மனைக்குச் சுழியம். விதைக்கு வேண்டியதைக் கொடுத்தேன். மிச்சம் மொத்தத்தையும் ஜனங்களுக்கு அளந்துவிட்டேன்.

யூசுப் பாய் இருமினார். சளி இல்லாத இருமல். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

நிரம்பி வழிந்தது

அந்த வருஷம் ஒருவரும் சாகவில்லை. அரண்மனை இடிந்து விழுகிறது, மை லார்ட், என்றது திரை. விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் பக்கத்து ராஜா படையெடுத்து வந்து ஒரு துண்டு நிலத்தைப் பிடுங்கினான். பரவாயில்லை. அதே வருஷம் அவனுடைய நாட்டிலிருந்து ஜனங்கள் என் நாட்டுக்குக் குடிபெயர்ந்து வந்தார்கள். பட்டினிச் சாவு இல்லாத நாட்டுக்கு வெளியாட்கள் வருவார்கள் என்று ஒரு விதி அந்த விளையாட்டுக்குள்ளேயே இருந்தது. அது இருப்பது தாளாளருக்கு அதுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வாய்ப்பே ஏற்படவில்லை.

ஆட்கள் கூடினார்கள். விதைத்த நிலம் கூடியது. விளைச்சல் கூடியது. அதையும் அளந்துவிட்டேன். இன்னும் ஆட்கள் வந்தார்கள். கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்த மதிப்பெண்ணை என் நாடு தாண்டியபோது தலைமையாசிரியர் தன்னை அறியாமல் 'அட' என்று விட்டார். தாளாளர் திரும்பிப் பார்த்ததும் அதை விழுங்கினார்.

எனக்கு வேலை ஞாபகமே இல்லை. விடாமல் அளந்துகொண்டிருந்தேன். சின்ன வயதில் களத்தில் அம்மா மடியில் சோளம் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருப்பேனே, அப்படி ஒரு சந்தோஷம்.

திடீரென்று திரை நின்றது. கேள்வி வரவில்லை. மை லார்ட் என்ற மரியாதையும் வரவில்லை. 'ஓவர்ஃப்ளோ' என்று ஒரே ஒரு சொல் வந்து, அதோடு எல்லாம் அசையாமல் போனது. எந்த விசையைத் தட்டியும் பதில் இல்லை.

"மெஷினக் கெடுத்துப்புட்டா," என்றார் தாளாளர்.

யூசுப் பாய் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். வியாபாரி, யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். அன்றைக்கு என்னவோ உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார்.

"மெஷினுக்கு ஒண்ணும் ஆவல சார். சனம் கூடிப்போச்சு. இத எழுதுனவன், இத்தன பேரு சாவாம இருப்பாங்கன்னு நெனச்சே பாக்கல. அதுக்கு மேல எண்ணுறதுக்கு எடம் விடல."

வெளியே ஏதோ வகுப்பில் பிள்ளைகள் திருக்குறளை ஒரே குரலில் இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தாளாளர் நிமிர்ந்து வேட்டியை இறுக்கிக்கொண்டார். "ராஜான்னா என்னான்னே தெரியலையே. நீ சரித்திரம் படிச்சியா, சமையல் படிச்சியாம்மா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சரித்திரம் தெரியாதவளைச் சரித்திர வாத்தியாராக வைத்துக்கொள்ள முடியாது என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். தலைமையாசிரியர் தலையாட்டினார். அவருக்கும் முழங்கால் வலிக்கிற அம்மா இருந்திருக்கலாம். நான் குறை சொல்லவில்லை.

பிற்பாடு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வேலை தாளாளரின் உறவுக்காரப் பெண்ணுக்குப் போனது. அவர் விலங்கியல் படித்தவர். ராஜாக்களைப் பற்றிப் பாடம் நடத்த அது போதுமான படிப்புதான் என்று யோசித்துப் பார்த்தபோது எனக்கே தோன்றியது. அம்மாவைக் களைக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவள் காலை இழுத்துக்கொண்டு செட்டிகுளம் பக்கம் வேற்றூர்க் காடுகளுக்குப் போனாள். எனக்கு அரசுப் பள்ளி வேலை கிடைக்கப் பல வருஷம் ஆனது. அவள் முழங்காலுக்கு அது மிகவும் தாமதம். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. திரும்ப அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன செய்வாய் என்று கேட்டால், அளந்துதான் விடுவேன்.

தெரு

வெளியே வந்தபோது தாளாளரின் தோல் செருப்பு போயிருந்தது. ஊக்கு குத்திய என் செருப்பைப் போட்டுக்கொண்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

எங்கள் தெருவுக்குப் போக இரண்டு வழி உண்டு. ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போவது ஒன்று. அம்மாவின் காலுக்கு அது வெகுதூரம். இன்னொன்று தாளாளர் வீட்டுத் தெரு வழியாக நேராகப் போவது. அதற்குச் செருப்பைக் கையில் எடுக்க வேண்டும். காலையில் வரும்போது எடுத்துக்கொண்டுதான் வந்தோம்.

நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கம்ப்யூட்டர் என்றால் என்ன என்பதில் அவளுக்கு அக்கறை இல்லை. ரங்கசாமி மணியம் பெயரில் ஒரு நாடு, அதில் நான் படி அளந்தேன் என்பது மட்டும் புரிந்தது.

"பட்டினியா எவனும் கெடந்தானா?"

"ஒருத்தரும் இல்லம்மா."

"எல்லாரும் தின்னாங்களா?"

"தின்னாங்க. எண்ண முடியாத அளவுக்கு ஆளு ஆயிடுச்சி. அதான் நின்னு போச்சி."

தெருமுனைக்கு வந்துவிட்டோம். வழக்கப்படி அம்மா நின்று, என் தோளைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றக் குனிந்தாள். வலிக்கிற கால் என்பதால் அவள் குனிவதற்கு நேரமாகும். நானும் என் காலைத் தூக்கினேன்.

பாதிக் குனிந்தவள் அப்படியே நின்றாள். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு என் தோளை அழுத்திக்கொண்டு நிமிர்ந்து, செருப்புக் காலோடு தெருவுக்குள் நடந்தாள். ஒரு காலை இழுத்து நடப்பதால் அவளுடைய செருப்பு மற்றவர்கள் செருப்பைவிட அதிகமாகச் சத்தம் போடும். நான் பின்னாலேயே போனேன்.

ஒரு வீட்டு உள்ளிருந்து ஆண் குரல் கேட்டது.

"யாருடாது, செருப்போட?"

அம்மா நிற்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"நாந்தான், பாக்கியம்," என்றாள்.